சோத்துக்கைப் பக்கம்

முற்றத்து வெயிலில் டிராக்டரும் அதன் இழுவைப் பெட்டியும் நிற்கின்றன. பெட்டியின் வலது பின்மூலை நசுங்கிக் கிடக்கிறது. அங்கே சிக்னல் விளக்கு மட்டும் புதிது. இரண்டுக்கும் நடுவில் குந்தியிருக்கும் கனிசியஸ், பெட்டிக்கு வயர் போகும் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருக்கிறான். பிளக்கின் முகப்பில் இடப்பக்கம் தெரியும் துளை, வயர் பூட்டும் பின்புறத்தில் வலப்பக்கம் வந்துவிடும். போன மாதம் அவன் முகப்பைப் பார்த்துத்தான் பூட்டினான். இப்போது இடது சிக்னலின் மஞ்சள் வயரையும் வலது சிக்னலின் பச்சை வயரையும் இடம் மாற்றி இறுக்குகிறான். வியர்த்த விரலில் திருகாணி வழுக்குகிறது. பிளக்கைத் திரும்ப மாட்டி, டிராக்டரில் ஏறி வலது சிக்னலைப் போடுகிறான். பெட்டிக்குப் பின்னால் அவன் மனைவி மார்கிரட் கறுப்புச் சட்டையோடு நிற்கிறாள். மாறி மின்னிய இடது சிக்னலை நம்பி, வலப்பக்கத்தால் முந்த வந்து, வலப்பக்கம் திரும்பிய பெட்டியின் அந்த மூலையில் மோதிச் செத்தவன் அவளுடைய தம்பி லெனாட்.

“எந்தப் பக்கம் மின்னுது?”

“சோத்துக்கைப் பக்கம்.”

டிக், டிக் என்று சிக்னல் சத்தம் முற்றத்தில் கேட்கிறது.

“இப்ப சரிதானே?”

“ஓம், இப்ப சரியாத்தான் மின்னுது. போய்த் தம்பியின்ரை முப்பத்தோராம் நாளுக்கு வாற சனம் இருக்கக் கதிரையளை ஏத்திக்கொண்டு வாங்கோ.”