ஐந்து குத்தும் முடியும்வரை

குத்துச்சண்டைக்காரன் ஜெபராஜின் வலது கை இரும்பு. போன மாதம் காசிமேட்டுப் போட்டியில் அது ஓங்கிய நொடியில் 'நிறுத்து' என்ற கட்டளையும் உள்ளே நுழைந்தது. இரண்டுக்கும் நடுவில் சிக்கிய கை அவன் தோளையே பிய்த்துவிட்டது. அதனால் கைக்கு மென்பொருள் எழுதும் ரெஹானா ஒரு பூட்டுப் போட்டாள்.

"கை ஒரு தடவைக்கு வரிசையா அஞ்சு குத்து விடுதுல்ல? ஆரம்பிச்சா அஞ்சும் முடியறவரைக்கும் வேற எந்தக் கட்டளையும் உள்ள வராது. தோளுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா."

இன்றைய போட்டியில் முதல் குத்திலேயே எதிராளி தணிகைவேல் விழுந்தான். இரத்தம் கக்கியபடி தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான். நடுவர் விசில் ஊதினார். ஜெபராஜ் விலகத்தான் பார்த்தான். கை அவன் உடம்பையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. இரண்டாவது குத்தில் தணிகைவேலின் தாடை உடைந்தது.

"ரெஹானா, நிறுத்து!"

"முடியலண்ணா! பூட்டு திறக்கல!" மேடையோரத்தில் கணினியைத் தட்டியபடி அவள் கத்தினாள்.

இன்னும் மூன்று பாக்கி. ஜெபராஜ் தன் இடது கையைத் தணிகைவேலின் முகத்தின்மேல் விரித்து வைத்தான். மூன்று முறையும் இரும்பு அதன்மேல்தான் இறங்கியது. விரல்கள் நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. கூட்டம் எழுந்து கைதட்டியது.

ஆஸ்பத்திரியில் ரெஹானா தேம்பினாள். "ஒவ்வொரு குத்துக்கும் தனித்தனியா பூட்டியிருக்கணும்ணா. நடுவுல 'நிறுத்து' உள்ள வந்திருக்கும்."

"தணிகை?"

"உசுரோட இருக்காரு."

போட்டி நடத்துபவர் சிரித்துக்கொண்டே வந்தார். "கவலப்படாதப்பா. இந்தக் கைக்கும் இரும்பே போட்டுடலாம்."

ஜெபராஜ் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டாக்டர் பக்கம் திரும்பினான்.

"டாக்டர், மொதல்ல வலது கையக் கழட்டிடுங்க" என்றான்.