பரீட்சை எழுதப்போகிற ஆள்

பின்சக்கரம் இன்னொரு முறை சுழன்று செம்மண் சேற்றை வாரி இறைத்தது. லேண்ட்ரோவர் அசையவில்லை.

குகனேஸ்வரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. மறுபக்கம் ராத்திரி மழையில் சரிந்த மண் பாதி ரோட்டை மூடிக் கிடந்தது. மேலே இன்னும் கொஞ்சம் மண், வரலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் தொங்கியது. அதில் ஒரு தேயிலைச் செடி வேர் வெளியே தெரியச் சாய்ந்து நின்றது.

அவன் திரிங்காப்பில் காய்கறி ஏற்றுகிறவன். இந்தப் பாதைக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. செமாய் பழங்குடிக் கிராமத்துக்குப் போகும் பள்ளி வேன் மழையில் ஏறாது என்று வெரோனிகா டீச்சர்தான் போனில் கெஞ்சினாள்.

“அந்தக் கம்போங்லேர்ந்து எஸ்.பி.எம். பரீட்சை எழுதப்போற மொத ஆளு அண்ணே. பாஸ் பண்ணிட்டா அங்கேயே பாலர் பள்ளில வேலை கிடைக்கும். பிள்ளைங்க பாஷை தெரிஞ்ச டீச்சர் இல்லாமதான் எல்லாம் பாதில நின்னுடுதுங்க. நேரம் தாண்டினா உள்ள விடமாட்டாங்க, எப்படியாச்சும் கொண்டாந்துடுங்கலா.”

கிராமத்து முனையில் சீருடை போட்ட ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் காத்திருந்தார்கள். அம்மாவின் மார்போடு துணியில் ஒரு கைக்குழந்தை. அம்மா ஆஸ்பத்திரிக்கோ மார்க்கெட்டுக்கோ போகிறாள்போல என்று நினைத்துக்கொண்டான்.

சீருடை அழுக்காக வேண்டாமே என்று பெண்ணை முன்னால் உட்காரச் சொன்னான். அவள் மறுத்துவிட்டு அம்மாவோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

இப்போது மலாயில் கத்தினான். அம்மா இறங்கித் தள்ளட்டும். பெண் இறங்கவே கூடாது. கை நடுங்கினால் எப்படி எழுதுவது?

அந்த அம்மா குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். முழங்கால் வரை புதைந்தாள். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. அவள் அதைத் தேடவில்லை.

“தள்ளு, தள்ளு” என்று அவன் கத்தினான்.

கண்ணாடியில் பார்த்தான். பெண் பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, கையில் மலாய்ப் புத்தகம். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்திலும் படிப்பா என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. வீட்டில் மகன் அகிலன் பரீட்சை அன்றைக்குக் காலையில்கூடக் கைப்பேசியைக் கீழே வைக்கமாட்டான்.

பலகைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முகம் தெரிந்தது. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். திட்டட்டும்.

மேலிருந்து பொடிக்கற்கள் உருண்டு வந்து கூரையில் விழுந்தன.

அவன் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தான். இன்னொரு தடவை பார்ப்பேன், நகரவில்லையென்றால் இறங்கி நடந்து திரும்பிவிடுவோம் என்று சொன்னான்.

அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். குழந்தையைச் சுமந்த துணியை அவிழ்த்தாள். சரிவில் கவாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் குச்சிகளை அள்ளி அதில் சுருட்டிச் சக்கரத்தின் அடியில் திணித்தாள். பிறகு தோளைப் பலகையில் முட்டுக் கொடுத்தாள்.

வண்டி உறுமியது, குலுங்கியது, எம்பியது.

அவள் முகம் குப்புறச் சேற்றில் விழுந்தாள். அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் புதையும். அவள் எழுந்து ஓடி வந்து, மகள் நீட்டிய கையைப் பிடித்து ஏறினாள். வளைவு திரும்பும்போது பின்னால் மண் இறங்கும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தானா ராத்தா டவுனில் பள்ளி வாசலிலேயே வெரோனிகா டீச்சர் நனைந்துகொண்டு நின்றாள். மண்டப வாசலில் கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓடு, சீக்கிரம் ஓடு” என்றான் குகனேஸ்வரன் அந்தப் பெண்ணிடம்.

அவள் ஓடவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினாள். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள்.

அம்மா குழாயடியில் கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்து அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் தலையிலிருந்து கால்வரை சேறு வழிய நின்றவளைப் பார்த்தார். சீருடைக்காரியைப் பார்த்தார். யாருக்குப் பரீட்சை என்று கேட்டார்.

“எனக்குத்தான்” என்றாள் அம்மா.

வெரோனிகா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். ஒற்றைச் செருப்பையும் வாசலில் விட்டுவிட்டு அம்மா உள்ளே போனாள். கதவு மூடியது.

குகனேஸ்வரன் பெண்ணின் பக்கம் திரும்பினான். பிறகு கேட்டான்.

“அப்போ வண்டியில நீ சத்தமாப் படிச்சது?”

“அம்மாவுக்குக் கேக்கணும்ல” என்றாள் பெண். மூன்றாம் படிவம்தான் படிக்கிறாளாம், எஸ்.பி.எம். எழுத இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதாம். வாரக் கடைசியில் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனால் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பாளாம்.

சட்டைப் பையில் போன் அடித்தது. பிரிஞ்சாங் மார்க்கெட்டிலிருந்து முதலாளி பக்கிரிசாமி. முட்டைக்கோஸ் எங்கே என்று சத்தம் போட்டார்.

குகனேஸ்வரன் மூடியிருந்த கதவைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மத்தியானத்துக்கு மேலதான் முதலாளி. நம்ம ஆளு ஒருத்தங்க உள்ள பரீட்சை எழுதுறாங்க.”