டாக்டர் சொன்னது

“பையன்தான்! டாக்டரே சொல்லிட்டார்!”

ஜீப்பை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள் பூல்வதி.

மருமகள் ஜுன்மோனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாநில எல்லை தாண்டிக் கூட்டிப்போய், ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் திருட்டுத்தனமாக ஸ்கேன். முடிவை மாமியாரைத் தனியே அழைத்துத்தான் சொன்னார்கள்.

பெண் என்றிருந்தால் வயிற்றைக் காலி செய்துதான் வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பார்கள். ‘இந்த மாமியாரும் ஒரு பொம்பளையா?’

அன்று முதல் வீட்டில் ராஜ உபசாரம். நெய் லட்டு, எருமைப்பால். அதுவரை ‘அஸ்ஸாம்காரி’ என்று கூப்பிட்ட மாமனார் தரம்பால், “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார்.

ஹூக்கா பிடிக்க உட்கார்ந்தால் மட்டும் அவருக்குப் பழைய புலம்பல்.

“ஹரியானா முழுக்கச் சலிச்சாச்சு, சின்னவனுக்கு ஒருத்தி அகப்படல. பெரியவனுக்கே அஸ்ஸாம் வரைக்கும் போனோம். பொண்ணுங்கெல்லாம் எங்கதான் போய்த் தொலைஞ்சாங்களோ!”

வறட்டி தட்டும் பூல்வதி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

மாதம் நிறைந்தது. பேரன் பிறந்ததும் தட்டி ஊருக்குச் சொல்ல, வெண்கலத் தட்டும் கரண்டியுமாக வாசலில் காத்திருந்தார் தரம்பால்.

பிறந்தது பெண்.

தட்டு முற்றத்தில் பறந்தது.

“பையன்னு சொன்னியேடி!”

“அந்த டாக்டர் ஏமாத்திட்டான்ங்க. நான் என்ன பண்ணுவேன்?”

பளாரென்று அறை விழுந்த சத்தம் உள்ளே கேட்டது. ‘நல்லா வேணும்’ என்று நினைத்துக்கொண்டாள் ஜுன்மோனி.

வீங்கிய கன்னத்தோடு உள்ளே வந்த பூல்வதி, கதவைத் தாழிட்டுவிட்டுக் குழந்தையிடம் குனிந்தாள். ஜுன்மோனி பதறிப்போய் அதை அணைத்துக்கொண்டாள்.

“தொடாதீங்க அத்தை! பையன் பையன்னு அலைஞ்சீங்களே, இப்ப டாக்டர் பொய் சொல்லிட்டாராக்கும்?”

“மெதுவாப் பேசுடி. டாக்டர் பொய் சொல்லல. பொண்ணுன்னுதான் சொன்னார்.”

குழந்தையை இறுக்கியிருந்த கையைத் தளர்த்தினாள் ஜுன்மோனி.

“சின்னவனுக்கு அப்புறம் என்னையும் மூணு தடவ இப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. மூணு தடவையும் பொண்ணுன்னு வீட்டுல வந்து உண்மையச் சொன்னேன். ஒண்ணையும் விட்டுவைக்கல.”

குழந்தையின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டாள்.

“அதான் இவளுக்காகப் பொய் சொன்னேன்.”