பத்து மணிக்கு யாரும் நெட் போடாதீங்க

"ஒரே ஒரு மணி நேரம், டெல்மா. பத்து மணிக்கு உங்க கடை நெட்டை அணைச்சு வச்சிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள் மார்னி. ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த டெல்மா திரும்பிப் பார்த்தாள்.

"மறுபடியும் இன்டர்வியூவா?"

"ஆமா. இதுவும் பாதியில அறுந்துச்சுன்னா தீவுல இருந்து வேலை பாக்க விட மாட்டாங்க, நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வான்கூவர் சிட்டிதான் கதி."

"உனக்கு ராசியே இல்லடி. முதல் தடவை கரண்டு கம்பியில மரம் விழுந்துச்சு. அடுத்த தடவை டவர்ல கழுகு கூடு கட்டுச்சு. சரி போ, அணைச்சிடறேன். நீ போயிட்டா நம்ம தீவுத் தீயணைப்பு வண்டியை உன்னை விட்டா யாருடி ரிவர்ஸ் எடுக்கிறது?"

அந்தச் சின்னத் தீவுக்கு மலை உச்சியில் இருந்த நெட் டவர் ஒன்றுதான் வாயும் காதும். நாலு வீட்டில் படம் பார்த்தால் ஐந்தாவது வீட்டில் திரை உறைந்துபோகும். ஆனாலும் மார்னிக்கு இந்த இடத்தை விட மனசில்லை. மேஜைக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தேவதாரு மரங்கள். அதைத் தாண்டினால் கடல். முக்கியமான மீட்டிங் நடக்கும்போதுதான் கடல்சிங்கங்கள் பாறைமேல் ஏறிக்கொண்டு குரைக்கும். பக்கத்து வீட்டு நாய் என்று சொல்லிச் சமாளிப்பாள். பத்தாவது மாடி ஃபிளாட்டுக்குத் திரும்புவதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டாள். பள்ளிக்கூட டீச்சர் பிள்ளைகளை நட்சத்திர மீன் பார்க்கக் கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். நண்டு பிடிக்கிற அண்ணன் தம்பி இருவரும் சீக்கிரமே படகை எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். பாக்கி இருந்தது கேப்டன் மட்டும்தான்.

இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர் கேப்டன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாள். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று தீவில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான். நல்ல மனுஷன், எது கேட்டாலும் செய்வார். அந்தத் தைரியத்தில்தான் மார்னி அவரைக் கடைசியாக வைத்திருந்தாள்.

கதவைத் தட்டினாள். அரைக் கதவுதான் திறந்தது. கேப்டனின் காதோரம் சவர நுரை ஒட்டியிருந்தது.

"பத்து மணிக்கா? முடியாதும்மா."

"என்ன கேப்டன் இப்படிச் சொல்றீங்க? ஹாக்கி மேட்ச்தானே? அப்புறமா பாத்துக்கலாமே!"

"மேட்ச் இல்ல. எனக்கும் வேலை இருக்கு. பதினொண்ணுக்கு அணைக்கிறேன், சாயந்தரம் வரைக்கும்கூட அணைக்கிறேன். பத்துக்கு மட்டும் கேக்காத. நீ நேரத்தை மாத்திக்கயேன்."

"என் கையில இல்லையே. எதிர்ப்பக்கத்து ஆள் பத்து மணிதான் வேணும்னு அடம் பிடிக்கிறாராம்!"

"நானும் பத்துன்னு வாக்குக் குடுத்துட்டேனே."

"யாருக்கு?"

கேப்டனின் முகம் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்தது. சட்டென்று கதவைச் சாத்திவிட்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள் மார்னி. உள்ளே நாற்காலியில் வெள்ளைச் சட்டை ஒன்று இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது. கேப்டனிடம் வெள்ளைச் சட்டை இருப்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

திரும்பி வரும்போது டெல்மாவிடம் புலம்பினாள். டெல்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அட மக்கு! வீடியோவுல யாரோ பொம்பளகிட்ட பேசப் போறார்டி! அதான் சவரம், அதான் சட்டை. அவர் மகன் வேற தன்னோட ஊருக்கே வந்துடுங்கன்னு நச்சரிக்கிறான். இங்கேயே இருக்க ஒரு துணை தேடறாரோ என்னமோ."

"அது சந்தோஷம்தான். இன்னிக்குப் பாத்தா தேடணும்?"

"அவரை விடு. ஒரு ஆள்தானே, லைன் தாங்கும். நீ போய்த் தலையைச் சீவு, காக்கா கூடு மாதிரி இருக்கு!"

மார்னி வீட்டுக்கு ஓடினாள். தலையைச் சீவி, நல்ல மேல்சட்டையை மாட்டிக்கொண்டாள். கீழே பழைய ரப்பர் பூட்ஸ்தான்; திரையில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

பத்து அடித்தது. ஜன்னலுக்கு வெளியே திமிங்கிலம் ஒன்று பெருமூச்சு விட்டு முங்கியது. பொத்தானை அழுத்தினாள். தீவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த மாதிரி, இணைப்பு ஒரு திணறலும் இல்லாமல் கிடைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம், மிஸ்டர் எல்ஸ்வொர்த் பிரைஸ். இந்த வேலைக்கு உங்களை எடுக்கலாமான்னு முடிவு பண்ணப்போறது நான்தான். பதட்டப்படாம உங்களைப் பத்திச் சொல்…"

படம் விரிந்தது. வெள்ளைச் சட்டையும் கழுத்தை நெரிக்கும் டையுமாக, திறந்த வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார் கேப்டன்.

"அடக் கடவுளே, நீதானா!" என்றவர் டையைத் தளர்த்திக்கொண்டு கேட்டார்: "அப்போ நெட்டை அணைச்சிட்டு, நான் நடந்தே வந்துடட்டுமாம்மா?"