பத்திரத்தில் என் பேரு

"சாவியைக் கொடு. இன்னிக்கு நான் ஓட்டுறேன்."

ரோண்டா சொன்னதும் டேரலின் கையிலிருந்த சோடா வழிந்தது. கல்யாணத்தன்றே சொல்லியிருந்தான்: வீடு கேள், நாய் கேள், என் கறுப்பு நோவா காரை ஓட்ட மட்டும் கேட்காதே. ஆறு வருடமாக அவளும் கேட்கவில்லை.

"விளையாடாதடி. டிவி கேமரா ஓடுது."

"ஓடட்டும். வண்டிப் பத்திரத்துல என் பேருதானே இருக்கு? நான் கையெழுத்துப் போடலைன்னா பந்தயமே இல்ல. வண்டியை டிரெய்லர்ல ஏத்து, துல்சாவுக்குத் திரும்பலாம்."

கால் மைல் ஓட்டம், மொத்தம் மூன்று. இரண்டில் ஜெயித்தவருக்கு இரண்டு வண்டியும். தோற்றவர் அங்கேயே, அதே கேமரா முன்னால், எழுதிக் கொடுத்துவிட்டு நடந்து போக வேண்டும். பத்திரங்கள் இரண்டும் மேசைமேல் தயாராக இருந்தன.

எதிராளி ஓடெல், சிவப்பு கமேரோ காரின் சொந்தக்காரர், அறுபது வயது. "கொடுத்துடு தம்பி. நான் டிரெய்லர் ரெண்டு கொண்டு வந்திருக்கேன்" என்றார்.

கூட்டம் சிரித்தது. டேரல் சாவியை வீசினான்.

நடத்துபவர் கையை இறக்கினார்.

நோவா கிளம்பவில்லை, வெடித்தது. முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. அந்தச் சத்தம் காதில் விழவில்லை, விலா எலும்பில் விழுந்தது. தகர இருக்கைகள் அதிர்ந்தன. கோட்டைத் தாண்டும்போது கமேரோ மூன்று வண்டி நீளம் பின்னால் கிடந்தது.

சிலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

டேரல் ஓடிவந்தான். "இத்தனை வருஷமா நான் இதை ஓட்டுறேன். இதுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. எங்கடி கத்துக்கிட்ட?"

"பானெட்ல கை வைக்காத. சூடா இருக்கு."

அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் பேரம். இந்தப் பந்தயத்தின் வழக்கம் அது. ஓடெல் தாடியைச் சொறிந்தார். "மூணு வண்டி நீளத்துல தோத்தேன். மூணு நீளம் என்னை முன்னால விடு. இல்லேன்னா மூணு நாள் ஆனாலும் இங்கேயே நிப்பேன்."

"ஒண்ணு தரோம். அதுவே தர்மம்" என்றான் டேரல்.

"மூணே எடுத்துக்கோங்க" என்றாள் ரோண்டா.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"இப்போ பார்த்தியே. அதுக்கப்புறமும் பயமா?"

முன்னால் நின்ற கமேரோ சீறியது. நோவா அதை விரட்டித் தின்றது. மூன்று நீளம் இரண்டானது, ஒன்றானது, கோட்டருகே ஒன்றுமே இல்லாமலானது. பெரிய திரையில் மெதுவாகப் போட்டுக் காட்டினார்கள். சிவப்பு மூக்கு ஒரு சாண் முன்னால்.

இப்போது ஒன்றுக்கு ஒன்று. ஒருவரும் உட்காரவில்லை.

"அதே மூணு" என்றார் ஓடெல்.

டேரல் அவள் காதருகே குனிந்தான். "உன் காலைப் பிடிக்கிறேன். ரெண்டுன்னு சொல்லு. அது என் உசுரு."

"மூணு" என்றாள் கேமராவைப் பார்த்து.

கடைசி ஓட்டம். இரண்டு வண்டியும் ஒரே வண்டி போலக் கோட்டைத் தாண்டின. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

மறுபடியும் சிவப்பு. மறுபடியும் ஒரு சாண். அதே சாண்.

ரோண்டா கையுறையைக் கழற்றினாள், நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். ஓடெல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜெயிச்சது நான்தாம்மா. ஆனா வீட்டுல போய் உன்னைப் பத்தித்தான் பேசுவேன்."

டேரல் தார்த்தரையில் மண்டியிட்டிருந்தான். கண்ணில் நீர். ஆனாலும் பார்த்ததை மறைக்க முடியவில்லை. "இப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்ல, ரோண்டா. ரெண்டு தடவையும் ஒரு சாண்ல போச்சே. விதி. வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் ஹெல்மெட்டை அவன் மடியில் வைத்தாள்.

"உன் முதல் பெண்டாட்டி பெக்கியை விவாகரத்து பண்றதுக்கு முன்னாடி, அவ கைக்குப் போயிடக் கூடாதுன்னு வண்டியை என் பேருக்கு மாத்தின. இப்போ எட்டு மாசமா உதிரிபாகக் கடை டிரினா பேருக்கு மாத்தச் சொல்லி நச்சரிக்கிற. இன்சூரன்ஸ் குறையும்னு."

அவன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான்.

"வியாழக்கிழமை தோறும் நீ அவ வீட்டுல இருந்தப்போ, நானும் நோவாவும் இந்தத் தடத்துல இருந்தோம். இதுல ஜெயிக்கக் கத்துக்க ரெண்டு வாரம் போதும், டேரல்" என்றாள், கேட்டை நோக்கி நடந்தபடியே. "ஒருத்தருக்கும் சந்தேகம் வராம, சரியா ஒரு சாண்ல தோக்கக் கத்துக்கத்தான் எட்டு மாசம் ஆச்சு."