ஏழு குழிகளின் நாயகன்

"அந்தக் குழிய நீ மூடல. யார் கேட்டாலும் அதுதான் பதில்."

"நான்தானே மூடினேன் தலைவரே? கையில கொப்புளம்கூட இன்னும் ஆறல."

"கொப்புளத்த யார்கிட்டயும் காட்டாதே."

குடியிருப்போர் சங்கத் தலைவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார். எதிரே நாற்காலி நுனியில் கொத்தனார் உட்கார்ந்திருந்தார். நடுவே மேசையில் குடிநீர் அலுவலகத்தின் அறிவிப்பு. தெருவிலிருந்த ஏழு குழிகளையும் மூடிய நல்ல உள்ளம் முன்வந்தால், 'தெருவின் தொண்டர்' பதக்கமும் பாராட்டு விழாவும் உண்டு.

தன் மகள் ஒரு குழியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள் என்பதற்காக, தெருவே வெளியூர் போயிருந்த மூன்று நாள் விடுமுறையில், ஒற்றை ஆளாக ஏழு குழிகளையும் மூடியவர் கொத்தனார். அந்த மூன்று நாளும் தலைவர் வீட்டுக்குள் தூங்கினார். விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி அவரிடமே வந்ததுதான் கொத்தனார் செய்த ஒரே தப்பு.

"என் மச்சான் வெளியூர்ல ஆறு மாடி கட்டுறான். உன்னை மேஸ்திரியாப் போடச் சொல்றேன். நாளைக்குச் சாயங்காலமே குடும்பத்தோட கிளம்பிடு."

"மேஸ்திரியாவா?"

"மேஸ்திரியா."

கொத்தனார் தன் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மூடிக்கொண்டார்.

"நான் மூடல தலைவரே."

பதினொரு வருடமாகத் தலைவர் பதவியில் இருப்பவருக்கு இதுவரை ஒரு பதக்கம்கூடக் கிடைத்ததில்லை. சகலை வீட்டுக் கூடத்திலோ மூன்று தொங்கின. அங்கே போய்வரும் ஒவ்வொரு முறையும் மனைவி, "என் தங்கச்சி குடுத்து வெச்சவ" என்பாள். அதற்குமேல் எதுவும் சொல்லமாட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியாதது.

மறுநாள் காலை படிவத்தோடு உட்கார்ந்தார். மனைவி இரண்டு வாளியோடு உள்ளே வந்தாள்.

"என்னங்க, முதல்ல குழாய்ல தண்ணி வரலன்னு எழுதிக் குடுங்க. பத்து நாளா லாரிக்குப் பின்னாடி ஓடுறேன்."

"விழா முடியட்டும். இப்பப் போய்க் குறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

ஐந்து கேள்விகளுக்கு வியர்வை, தியாகம், தன்னலமின்மை என்று மாற்றி மாற்றி எழுதியாயிற்று. ஆறாவது கேள்வியில் பேனா நின்றது. 'குழிகளை மூடும்போது உள்ளே என்ன இருந்தது?'

"கொத்தனார் சாயங்காலம்தானே கிளம்புறார்? ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்க" என்றாள் மனைவி.

"அவன்கிட்டப் போய் நான் கேக்கணுமா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம், இறங்க இடம் தேடுவதுபோல நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுதினார்: மக்களின் கண்ணீர்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள் மனைவி, எட்டிப் பார்த்து. "இந்தத் தெருவுல இப்ப அது ஒண்ணுதான் வருது."

படிவத்தோடு இணைக்க ஒரு புகைப்படமும் எடுத்தார்கள். இஸ்திரி கலையாத சட்டையோடு தலைவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். மண்வெட்டியின் பிடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது.

மூன்றே நாளில் விழா. சங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. லாரிக்காக வரிசையில் நின்றவர்கள், இடத்தை விட மனமில்லாமல், காலி வாளிகளை அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். முதல் வரிசையில் சகலை. அவர் பக்கத்தில் அக்காவும் தங்கையும்.

குடிநீர் அதிகாரி பதக்கத்தைக் குத்திவிட்டதும் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கையால ஒவ்வொரு கல்லாப் போட்டேன். யாரையும் கூப்பிடல. ஏழு குழியும் எனக்கு ஏழு பிள்ளைங்க மாதிரி. எது எங்க இருக்கு, எதுக்குள்ள என்ன இருக்கு, எல்லாம் கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்."

கைதட்டல் ஓயவில்லை. சகலைகூடத் தட்டினார். மனைவி தங்கையின் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தாள். பதினொரு வருடத்தில் அப்படியொரு சிரிப்பைத் தலைவர் பார்த்ததில்லை.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, அதிகாரி ஒலிவாங்கியை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"உங்க வாயாலயே சொன்னதுக்கு ரொம்ப நன்றி. யார் மூடுனதுன்னு நேராக் கேட்டிருந்தா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்கன்னுதான் பதக்கம்னு அறிவிச்சோம்."

கடப்பாரையோடு வாசலில் நின்ற இரண்டு ஆட்களை அவர் கைகாட்டி உள்ளே அழைத்தார்.

"இந்தத் தெருவுக்குத் தினமும் தண்ணி திறந்துவிடுற வால்வு அந்த ஏழு குழியில ஒண்ணுக்குள்ளதான் இருந்துச்சு. திறந்துவிடுற பழைய ஆள் விடுமுறைக்கு முந்தின நாள் ஓய்வு பெற்றார். அந்தச் சந்தோஷத்துல போனையே எடுக்கிறதில்ல. புது ஆள் வேலைக்கு வந்தா, தெருவுல குழியே காணோம்."

முதல் வரிசையில் மனைவி எழுந்து நின்றாள்.

அதிகாரி தலைவரின் தோளில் மரியாதையாகக் கை வைத்தார்.

"கண்ண மூட வேண்டாம் தலைவரே, திறந்துகிட்டே வந்து காட்டுங்க. எந்தக் குழி?"