மாப்பிள்ளைக்கு ஒரு லினக்ஸ்

“கொழும்புல லினக்ஸ் இன்ஜினியராம்டி. போன மாசம் பாக்க வந்தவரும் இன்ஜினியர்னுதான் சொன்னாரு. விசாரிச்சா போன் கவர் விக்கிறாரு!”

“அப்ப நீயே சோதிச்சுப் பாரேன். லெப்டொப்ப குடுத்து, எந்த பெக்கேஜ் மெனேஜர்னு கண்டுபிடிக்க விடு. பொய்க்காரன்னா அங்கேயே மாட்டுவான்.”

கூட வேலை செய்யும் ஸவாஹிராவோடு முந்தாநாள் பேசியதை நினைத்துச் சிரித்தபடி, பிரஷாந்தினி லெப்டொப்பை மாப்பிள்ளை தினுஷன் முன்னால் வைத்தாள். தோழிகள் இருவரும் பதுளையில் கம்பியூட்டர் வகுப்பு எடுக்கிறவர்கள்.

கூடத்தில் பெரியவர்கள் வடையும் தேத்தண்ணியுமாய் இருந்தார்கள். “படிச்ச பிள்ளைங்க, ரெண்டு வார்த்த பேசட்டும்” என்று இவர்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பியது அப்பா சண்முகராஜாதான். ‘இவரும் பொய்யின்னா இந்தப் பேச்ச இதோட விட்டுருவோம்’ என்று காலையிலேயே மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

“இதுல ஒரு சொப்ட்வெயார் ஏத்தணும். முடியல. கொஞ்சம் பாக்குறீங்களா?”

விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் மென்பொருளை ஏற்றுவதும் நீக்குவதும் பெக்கேஜ் மெனேஜரின் வேலை. லினக்ஸின் வகைகளில் உபுண்டு என்றால் ‘ஏப்ட்’, பெடோரா என்றால் ‘டிஎன்எப்’. இதில் இருந்தது பெடோரா. ஆனால் அவள் உபுண்டுவின் படத்தைத் திரையில் போட்டு, ‘ஏப்ட்’ என்ற பெயரில் ஒரு போலிக் கட்டளையும் எழுதி வைத்திருந்தாள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு புரோகிராமைக் காட்டி, ‘இதை ஏற்றியது யார்?’ என்று லெப்டொப்பையே கேட்டால்தான் குட்டு உடையும்.

தினுஷன் ஒரு வரி அடித்தான். பதிலைப் பார்த்தான். கூடத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரையில் இருந்ததை அழித்தான்.

அப்புறம் ‘ஏப்ட்’ என்று அடித்தான். பிழை வந்தது. திரும்ப அடித்தான். திரும்பவும் பிழை.

“உபுண்டு தானேங்க இது? ஏப்ட் வேல செய்ய மாட்டேங்குதே! வைரஸா இருக்குமோ?”

லினக்ஸில் வைரஸ் வருவதே அபூர்வம்; அதைப் படித்தவன் கேட்கிற கேள்வியா இது! பிரஷாந்தினி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. ஆள் சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறதே!

“குடுங்க பாப்போம்.”

மேல் அம்புக்குறியை அழுத்தினாள். அவன் அடித்த வரிகள் பின்னோக்கி வந்தன. ஏப்ட், ஏப்ட்... கடைசியாக, அவன் முதலில் அடித்து அழித்த வரி வந்தது.

குட்டை உடைக்கும் அதே கேள்வி. ஓரெழுத்தும் பிசகவில்லை.

“மொத வரியிலேயே கண்டுபிடிச்சிட்டீங்க!”

“மெதுவாங்க, மெதுவா...”

“பெறகு எதுக்கு இந்த நடிப்பு? வேணும்னே தோத்தீங்களா?”

அவன் தலை குனிந்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. “ஆமாங்க.”

அவளுக்கு உள்ளே ஏதோ இளகியது. பெண்ணை ஜெயிக்க விட்டுத் தான் முட்டாளாய் உட்கார்ந்திருக்க எத்தனை ஆண்பிள்ளைகளுக்கு மனசு வரும்? நாளைக்குக் குடும்பம் என்று வந்தாலும் இவன் விட்டுக்கொடுப்பான். அப்பாவிடம் என்ன சொல்வது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாள்.

“ஒண்ணு கேக்கணுங்க” என்றான் தினுஷன். “உங்க போட்டோவ காட்டுன நாள்ல இருந்து நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கேன். தைரியம் வரல.”

“கேளுங்க.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவன் கதவைப் பார்த்தான். மூச்சை இழுத்து விட்டான்.

“நான் சொன்னா எங்கம்மா விட மாட்டாங்க. என்னைய வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க, தங்கச்சி!”